பக்கத்து சீட்டு

“இன்னொரு தரம் லேட்டானா காய்கறி ஓட்டத்தத் தம்பிராஜா லோரிக்குக் குடுத்துருவேன்னு தவுக்கே சொல்லிட்டான். ஞாபகம் இருக்குல்ல?”

“இல்லாமலா இந்த வெயில்ல மல்லாந்து கெடக்கேன்?” பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து கணேசமூர்த்தியின் குரல் வந்தது. “டார்ச்சக் கிட்டக் காட்டு.”

“காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் அவர் மனைவி அஞ்சலை.

பாசார் சந்தையில் சீன முதலாளி தவுக்கேயிடம் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் ஜாலான் பெண்டஹாரா கடைகளில் இறக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை. வண்டியின் ஸ்டார்ட்டர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. தினமும் அவர் முன்னால் நின்று ஹேண்டலைச் சுற்றுவார். அஞ்சலை உள்ளே உட்கார்ந்து எண்ணெய் மிதிப்பாள். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அவளே வண்டியைப் பின்னால் எடுத்து கஜா பேராங் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்துவாள். அதற்குள் அவர் ஹேண்டலைப் பின்னால் போட்டுவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார், அவள் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொள்வாள். போன வாரம் ஹேண்டல் திருப்பி அடித்ததில் மணிக்கட்டு வீங்கிப்போனது. இரண்டு நாள் தாமதம்.

பக்கத்து வீட்டு சிஹாபுதீன் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த ஸ்டார்ட்டரோடு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“என்ன அண்ணே, இத்தன வருசமா இல்லாத ஸ்டார்ட்டரு இப்ப என்னாத்துக்கு? மெர்டேக்கா, சுதந்திரம் வருதுன்னு வண்டிக்குப் புதுச் சட்டையா?”

“கை வலிக்குதுடா.”

“கை வலிக்குதா, வயசாயிருச்சா?”

“ரெண்டும்தான். அந்தப் பெரிய ஸ்பேனர எடு.”

சிஹாபுதீன் அதைத் தரையில் தள்ளிவிட்டான். அது கணேசமூர்த்தியின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அஞ்சலை குனிந்து அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மேல் போல்ட் இன்ஜினுக்குப் பின்னால் இருந்தது. அதை யாராலும் பார்க்க முடியாது. விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். கணேசமூர்த்தி வீங்கிய கையை உள்ளே விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். மறுபடி திருகினார். ஒருவழியாக அது முனகிக்கொண்டு கழன்றது. பழைய ஸ்டார்ட்டர் அவர் நெஞ்சில் இறங்கியது.

“அண்ணே, ஊருல உங்களுக்கு என்னா பேரு தெரியுமா?” என்றான் சிஹாபுதீன். “சம்சாரத்த விட்டுட்டு லோரி எடுக்காதவரு. காலங்காத்தால ஜோடியாப் போறீங்களே, தேன்நிலவா?”

“நீ ஒரு நாள் இவ பக்கத்துல உக்காந்து பாரு, தெரியும். அந்தா சைக்கிளு, இந்தா மாட்டு வண்டி, பண்டார் ஹிலிர்ல மெர்டேக்கா வளைவு கட்ட மூங்கில் நட்டிருக்கான் ஒதுங்குங்கன்னு ரோடு முழுக்க இவ ஒரே சத்தம். காது போச்சு.”

“நான் ஒண்ணும் உங்களோட ஊர்கோலம் வரல,” என்றாள் அஞ்சலை. “நீங்க வாங்கிட்டு வர்ற மீன வாயில வைக்க முடியல. நாலு நாள் செத்தது. அதான் நானே பாசாருக்கு வந்து பாத்து வாங்குறேன்.”

“கேட்டியா? மீனுக்காக என் உயிர எடுக்குறா.”

சிஹாபுதீன் சிரித்துவிட்டுத் தன் கடையைத் திறக்க எழுந்து போனான்.

புதிய ஸ்டார்ட்டரை முட்டுக் கொடுத்து ஏற்றினார். ஒரு நட்டு கை தவறி விழுந்தது. தரையைத் துழாவினார். அது அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அஞ்சலை எடுத்துக் கொடுத்தாள்.

“பேட்டரி வயர் எது? செவப்பா?”

“இது செவப்பு. புடிங்க.”

மாட்டி முடித்து வெளியே ஊர்ந்து வந்தபோது அவர் சட்டையெல்லாம் கிரீஸ். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறி உக்காந்து பொத்தான அமுத்து.”

அஞ்சலை ஏறினாள். அமுத்தினாள். ஒரு உறுமல். இன்ஜின் ஓடத் தொடங்கியது. அவள் அணைத்துவிட்டு மறுபடி அமுத்தினாள். மறுபடியும் ஓடியது.

“ஓடுது. நாளைக்கு ஓட்டம் நம்மளுதுதான்,” என்று சொல்லி அவள் இறங்கக் கதவைத் திறந்தாள். “வந்து உக்காருங்க. ரோட்டுல ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வரலாம்.”

“நீ எறங்காத.”

அவர் பானெட்டைத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“கை வலிக்குன்னு இதப் போடல, அஞ்சல. ஹேண்டல உன்னால சுத்த முடியாது. அதான் போட்டேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு. முன்னால மங்கலாத் தெரியுது. பக்கத்துல வர்றது ஒண்ணுமே தெரியல. பெரியாஸ்பத்திரியில காட்டிட்டேன், திரும்பாதுன்னுட்டாங்க. நாளையிலருந்து எல் போர்டு மாட்டிக்கிட்டு நீதான் ஓட்டணும். லைசென்ஸ் வர்ற வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்து வரேன். அப்புறம் நீ தனியாப் போயிக்கலாம். உன்கிட்ட மறச்சுட்டேன்.”

அஞ்சலை கியரைப் போட்டாள்.

“எனக்கு என்ன, தினமும் பாசாருக்கு வந்து மீன் வாங்குற ஆசையா? அதுக்கா இத்தன நாளா உங்க பக்கத்துல உக்காந்து வந்தேன்?” என்றாள். “கதவச் சாத்துங்க. உங்க பக்கம் ஒரு சைக்கிள் வருது.”