கன்னியம்மாளின் கால் வலி

“அக்கா, கால் வலிக்குது. கொஞ்சம் உக்காரலாமா?”

சைலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ராஜகோபுரத்திலிருந்து கிளம்பி இன்னும் அக்னி லிங்கமே வரவில்லை. அதற்குள் கன்னியம்மாளுக்குக் கால் வலி.

“உக்காரு, உக்காரு. மெதுவாப் போலாம்.”

பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனால் முதலில் கேட்டவள் கன்னியம்மாள்தானே.

சைலஜா போட்ட திட்டமே வேறு. தம்பி கல்யாணத்தில் போட்டோக்காரர், “மேடம், நீங்க கொஞ்சம் பின்னாடி நின்னுக்கோங்க” என்று சொன்ன நாளிலிருந்து வீட்டு நிலைக்கண்ணாடி மேல் துண்டு தொங்கியது. கார்த்திகை தீபத்துக்குள் பதினைந்து கிலோ குறைத்தே தீருவது. அதற்குத் தினமும் பதினாலு கிலோமீட்டர், முழு கிரிவலம்.

“எடுத்த எடுப்புலயே பதினாலா?” என்று கேட்டார் கணவர் தியாகேசன். கோயிலில் பூஜை செய்கிறவர். அவர் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

முதல் நாளே எம லிங்கத்தருகே கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாள். இனி ஜென்மத்துக்கும் நடக்கப்போவதில்லை என்று அழுதுகொண்டே ஆட்டோவுக்குக் கை நீட்டியபோதுதான் கன்னியம்மாள் வந்தாள். செங்கம் ரோடு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. சைலஜாவைவிட வயது கம்மி, உடம்பு ஜாஸ்தி.

“எனக்கும் நடக்கணும்னு ஆசைக்கா. தனியா வர ஒரு மாதிரியா இருக்குது. கூட வர்றீங்களா? ஆனா இப்போதைக்கு அக்னி லிங்கம் வரைக்கும்தான் என்னால முடியும்.”

பாவம், ஒருத்திக்கு உதவினால் புண்ணியம் என்று சைலஜா ஒத்துக்கொண்டாள்.

தினமும் காலை ஆறு மணிக்குக் கோபுர வாசலில் சந்திப்பார்கள். கன்னியம்மாள் வரும்போதே ரவிக்கை நனைந்து, நெற்றி விபூதி வேர்வையில் கரைந்திருக்கும். வீட்டிலிருந்து இங்கே வருவதற்கே இந்தப் பாடா என்று சைலஜா மனதுக்குள் உச்சுக்கொட்டுவாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். “கண்ணாடி பாக்கறச்சே உனக்கு ஒண்ணும் தோணாதா?”

“தோணும்க்கா. பொட்டு நேரா இருக்குதான்னு பாப்பேன்.”

“அதில்ல, உடம்பு...”

“எங்க வீட்ல எல்லாருக்குமே இந்த உடம்புதான்க்கா. அது பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்கு நடக்கறேன்.”

அக்னி லிங்கம், எம லிங்கம் ஆனது. மூன்றாம் மாதம் நிருதி லிங்கம் வரை போய்த் திரும்பினார்கள். வழியெல்லாம் கன்னியம்மாளுக்குத்தான் கால் வலிக்கும். சைலஜா சலிக்காமல் உட்கார்ந்து கொடுப்பாள். எடை குறைந்தது நாலு கிலோதான், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

தீபத்துக்கு முந்தின ஞாயிறு, முழுச் சுற்று என்று முடிவாயிற்று. சைலஜா துண்டை எடுத்துவிட்டு, கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பினாள்.

குபேர லிங்கத்தைத் தொடும்போது மணி ஒன்பதரை. சைலஜா இந்தப் பக்கம் நடந்து வருவது இதுதான் முதல் தடவை. டீக்கடை பரசுராமன் அவர்களைப் பார்த்துக் கண்ணை விரித்தார்.

“இன்னா கன்னியம்மா, இன்னைக்கு ரெண்டாவது சுத்தா? காலைல அஞ்சு மணிக்குத்தான கடையத் தாண்டி விறுவிறுன்னு போன?”

கன்னியம்மாள் அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. டம்ளரை சைலஜாவிடம் நீட்டியபடி பெருமையாகச் சொன்னார்.

“பத்து வருசமா பாக்கறேம்மா, தினமும் ஒரு சுத்து. இந்தப் பொண்ணு ஒருநாள் உக்காந்து நான் பாத்ததில்ல. டீயக்கூட நின்னுகினேதான் குடிக்கும்.”

சைலஜாவின் கையில் டீ ஆறியது. ஆறு மணிக்கே கரைந்திருந்த விபூதி. நனைந்த ரவிக்கை. மூன்று மாதமாக, பதினாலு கிலோமீட்டர் நடந்து முடித்துவிட்டு வந்தவளையா உச்சுக்கொட்டியிருக்கிறாள்? எதிரே மலை நின்றது. பிறந்தது முதல் அதை அண்ணாந்து பார்த்தே பழகியவள், இப்போது அதே பிரமிப்போடு கன்னியம்மாளைப் பார்த்தாள்.

“அவரு சும்மா சொல்றாருக்கா” என்று கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டம்ளரை வைத்துவிட்டு நடந்தார்கள். ஈசான்ய லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சைலஜாவின் நடை தளர்ந்தது. கன்னியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

“அக்கா, கால்...”

சைலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத்தான் வலிக்கறது கன்னியம்மா. கொஞ்சம் உக்காரலாமா?”