தலை எண்ணும் நாள்

வேனுக்குக் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மாவு மில்காரர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். உள்ளே பிள்ளைகளின் சத்தம் சட்டென்று அடங்கியது.

"எல்லாரும் கீழ இறங்குங்க. அழுதா தோலை உரிச்சிடுவேன்."

"அநியாயமா இருக்குண்ணே," என்றார் வேன் டிரைவர். "டவுன் பள்ளிக்கூடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வழியில டயர் பஞ்சர்னு சொல்லு. ரொம்பப் பேசினா அதைப் பொய்யில்லாம ஆக்கிடுவேன்."

இறங்கிய பிள்ளைகளின் கழுத்திலிருந்த டைகளை அவிழ்த்துத் தன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பிறகு ஆடுகளை ஓட்டுவதுபோல் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனார், ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு.

ஒரே அறை, ஒரே டீச்சர். அங்கே படிப்பவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மில்காரரின் பேத்தி அதில் ஒருத்தி. வாய்க்காலைத் தாண்டினால் அக்கரைப் பள்ளி. அங்கேயும் பிள்ளைகள் அவ்வளவுதான். இரண்டில் ஒன்றை மூடி, பிள்ளைகளை மற்றதில் சேர்க்கப் போகிறார்கள். எதை மூடுவது என்று முடிவு செய்ய இன்று அதிகாரி வருகிறார்.

அக்கரைப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் மில்காரரின் கூடப்பிறந்த தம்பி. வாய்க்கால் தண்ணீரில் தொடங்கிய பகை. அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. "அவன் பள்ளிக்கூடத்துப் படியை என் பேத்தி மிதிச்சா நான் மீசையை எடுத்துக்கறேன்" என்று டீக்கடையில் ஊரே கேட்கச் சொல்லியிருந்தார் மில்காரர். அது காலையிலேயே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு பிளேடு வந்து சேர்ந்தது.

வாசலில் பிள்ளைகள் மொய்ப்பதைப் பார்த்து டீச்சர் எழுந்து வந்தார். "என்னங்க இது? வேன்ல போற பிள்ளைங்களைப் போய்..."

"புதுசா சேர்ந்திருக்காங்க. அப்படித்தான் சொல்லணும்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. அவங்க எதைப் பார்த்து முடிவு பண்ணுவாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? இருக்கறதை இருக்கற மாதிரியே காட்டிடலாமே."

"இருக்கறதைக் காட்டினா இழுத்துப் பூட்டிட்டுப் போவாங்க. அக்கரையில கட்டடம்தான் அரண்மனை மாதிரி, உள்ள உக்காந்து ஈ ஓட்டறானுங்க. நம்ம பக்கம் தலை இருக்குன்னு காட்டணும். நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும் டீச்சர். திறந்தீங்கன்னா, நாளைக்கு இந்த ஊர்ல உங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது."

டீச்சர் உள்ளே போய்ப் பெஞ்சுகளை நெருக்கிப் போட்டார்.

விஷயம் கேள்விப்பட்டுத் தையல்காரியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "என் பிள்ளைக்கு இன்னிக்குப் பரீட்சை. விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போ. உன் வீட்டுக்காரனை வாய்க்கால்ல போட்டு மிதிச்சானுங்களே அக்கரைக்காரனுங்க, அவனுங்க சிரிக்கட்டும்."

அவள் மில்காரரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு மகளை இழுத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

அதிகாரியம்மா ஜீப்பிலிருந்து இறங்கியபோது அறைக்குள் கால் வைக்க இடமில்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர். மிச்சப் பிள்ளைகள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர் தலைகளை எண்ணவில்லை. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, பிள்ளைகளை ஒதுக்கி ஒதுக்கிச் சுவருக்குச் சுவர் அளந்தார். மில்காரருக்கு எரிச்சலாக இருந்தது.

"இவ்வளவு பேர் இருக்காங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையே?" என்றார் அதிகாரி.

டீச்சர் தரையைப் பார்த்தார். மில்காரர் முந்திக்கொண்டார். "எல்லாம் வேன்ல டவுனுக்குப் போய்க்கிட்டிருந்த பிள்ளைங்கம்மா. நம்ம டீச்சர் நடத்தற அழகைக் கேள்விப்பட்டு இங்க வந்துட்டாங்க."

"இங்கயே நிலைச்சுப் படிப்பாங்களா? நாளைக்குத் திரும்பவும் வேன் ஏறிட மாட்டாங்களே?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதோ நிக்கறா பாருங்க என் பேத்தி, இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்." சொன்னபடியே பேத்தியின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அவள் வலியில் நெளிந்தாள்.

தையல்காரியம்மா மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, உங்க வார்த்தையை நம்பறேன்," என்ற அதிகாரி நாடாவைச் சுருட்டினார். "முடிவு பண்ணிட்டேன்."

மில்காரர் மீசையை நீவிவிட்டபடி வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். எதிர்க்கரையில் தம்பி நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. போ, போய் உன் அரண்மனையைப் பூட்டு என்பதுபோல் அவனைப் பார்த்துக் கையை வீசினார்.

"திங்கட்கிழமையிலேருந்து எல்லாப் பிள்ளைகளும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்," என்றார் அதிகாரி. "இந்த ஒரு ரூம்ல இத்தனை பேரை அடைச்சு வைக்க நான் கையெழுத்துப் போட முடியாது."

வீசிய கை அப்படியே நின்றது. "அம்மா... கூட்டம் இருக்கற பள்ளிக்கூடத்தைப் போய் யாராவது மூடுவாங்களா?"

அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"இங்க பிள்ளைங்க கொஞ்சம், அக்கரைப் பிள்ளைங்களும் இந்த ரூம்லயே அடங்கிடுவாங்கன்னு நினைச்சு, அக்கரையை மூடத்தான் வந்தேன்."