பதினேழு வினாடி

கடைசிவரை பார்க்க வேண்டும். அதுதான் விதி.

அவன் பார்த்தான். ‘நீக்கு’ என்பதை அழுத்தினான். அடுத்தது வந்தது.

திரையில் நிறம் கிடையாது. சத்தம் கிடையாது. பார்ப்பவர்களின் மனம் கெடாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. யார் யாரோ புகார் செய்த வீடியோக்கள், ஒரு நாளைக்கு எண்ணூறு.

“மெஷின்யா நீ,” என்பார் டீம் லீடர். “சோறு எப்படிய்யா இறங்குது உனக்கு?”

இறங்கியது. எதுவும் அவனைத் தொடவில்லை.

சம்பளத்துக்காக அவன் இங்கே வரவில்லை. இதே தளத்தில், இதே வேலையில் அவன் மனைவி தாரிணி இரண்டு வருடம் இருந்தாள். பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டிய கணவனிடமும் சொல்லவில்லை.

ஒரு மாலை, வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் குழந்தையின் தூளியை அவிழ்த்துப் போட்டாள். ஏன் என்று கேட்டான். தரையில் தூங்கட்டும் என்றாள்.

அவன் கத்தினான். அவனே ஸ்டூலைப் போட்டு ஏறி, திரும்பவும் கட்டினான்.

அதன் பிறகு குழந்தை தூங்கும்போதெல்லாம் அவள் தூளியைப் பிடித்தபடி நின்றாள்.

நாற்பது நாள் நின்றாள்.

பிறகு தன்னை முடித்துக்கொண்டாள்.

அவள் பார்த்தது எது?

அது தெரியாதவரை, எல்லாம் தன்னால்தான் என்று இருந்தது அவனுக்கு.

நீக்கியதை யாராவது மறுபடி ஏற்றுவார்கள். எட்டு மாதம் காத்திருந்தான்.

இன்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் வந்தது.

ஓர் அறை. உத்தரத்தில் கொக்கி. சேலைத் தூளி.

பதினேழு வினாடி.

கடைசிவரை பார்த்தான்.

வீட்டில் அக்கா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் குழந்தையைத் தூக்கினான். பாயில் கிடத்தினான். ஸ்டூலில் ஏறி முடிச்சை அவிழ்த்தான்.

“இப்பத்தான்டா கண் அசந்தா. என்ன ஆச்சு உனக்கு? வாயத் தொறந்து சொல்லேன்டா.”

வாயெடுத்தான்.

சொன்னால் அக்காவும் பார்த்துவிடுவாள். இனி எந்த வீட்டில் தூளி ஆடினாலும் அதைத்தான் பார்ப்பாள்.

“தரையில தூங்கட்டும்க்கா.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கீழே கிடந்த சேலையை உதறி எடுத்தாள். மறுபடி கட்ட ஸ்டூலைத் தேடினாள்.

அவன் அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.