பூட்டாத மெயில்

"வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். நீ கண்டதையும் நோண்டுவ. அதான் என் மெயிலுக்கு பாஸ்வேர்டு போட்டுட்டேன்" என்றார் கணவர், மனைவியிடம்.

"எனக்கும் போட்டுக் குடுங்களேன்."

"தங்கச்சிக்கு எழுதற ஊர்க்கதைக்குப் பூட்டு ஒண்ணுதான் கேடு!"

அன்றிலிருந்து அவள் தன் மெயிலைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு அடுக்களைக்குப் போவாள். தலை மறைந்ததும் அவர் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படிப்பார். 'மூடி வைக்கக்கூடத் துப்பில்லை' என்று உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு நாள் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'இந்த மனுஷனோட இனிமே முடியாது. நாளைக்குக் காலையில ரயிலேறி உன்கிட்ட வந்துடறேன்' என்று தங்கைக்கு எழுதியிருந்தாள்.

படித்ததைப் பற்றி அவர் அவளிடம் மூச்சு விடவில்லை. விடிந்ததும் அவளுக்கு முன்பே கிளம்பிப் போய், ரயில் நிலையத்தில் தூண் மறைவில் நின்றார். நாலு பேர் பார்க்க அவளைத் தரதரவென்று இழுத்துவர வேண்டும்!

மதியம்வரை நின்றும் அவள் வரவில்லை.

'ஓடறதுக்கும் தைரியம் வேணுமே' என்று இளித்தபடி வீடு திரும்பினார். சாவி பூட்டில் நுழையவில்லை. வாசலில் அவருடைய பெட்டிகள் இருந்தன. ஜன்னலில் மனைவி நின்றாள்.

"பூட்டு மாத்தற ஆள் வர்றப்ப நீங்க வீட்டுல இருக்கக் கூடாதே. அந்த மெயில் தங்கச்சிக்கு இல்ல, உங்களுக்கு."

"யார் வீட்டுல யாரைடி வெளிய நிறுத்தற?"

"எங்கப்பா என் பேர்ல எழுதின வீடு. என் மெயிலைப் படிச்ச அக்கறையில, பத்திரத்தையும் ஒரு தடவை படிச்சிருக்கலாம்."