ஆண்டுக்கு ஒரு கப்பல்

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து அந்தத் தம்பதி உள்ளே வந்தபோது, நாணயக் கடைக்காரர் மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் இன்னொரு காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க கடைக்குள்ள கும்பிடு போடாம நுழைய முடியாது போல," என்றார் கணவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடி.

கடைக்காரர் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார். விற்க வந்தவர்களிடம் இது வெள்ளி இல்லை என்றும், வாங்க வந்தவர்களிடம் இது வெள்ளிதான் என்றும் சொல்லிச் சொல்லியே அன்றைய பொழுது போயிருந்தது. நாக்கு உலர்ந்து கிடந்தது.

மனைவி ஓர் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்திருந்தார். மேசைமேல் வைத்த பிறகும் அவருடைய கை அதன் மேலேயே இருந்தது.

"விக்கிறதுக்கு இல்லைங்க. கறுத்துக்கிட்டே வருது. போன வருஷம் பழுப்பா இருந்துச்சு. இப்படியே விட்டா ஒண்ணுமே தெரியாமப் போயிடும். நிறுத்த வழி இருக்கான்னு கேக்கத்தான் வந்தோம்."

கெட்டி அட்டையில் வட்ட வட்டமாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம். ஆண்டுக்கு ஒன்று வெளியாகும் வரிசை அது. எல்லாவற்றிலும் ஒரே கப்பல், ஒரே பாய். கீழே ஆண்டு மட்டும் மாறும்.

முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கடைக்காரருக்கு அலுப்பு கூடிவிட்டது. எல்லாக் கப்பல் மேலும் விரல் பட்ட கறை.

வெள்ளியை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். விரலின் வியர்வை அன்றைக்குத் தெரியாது. வருஷம் போகப் போகத்தான் கறுக்கும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே இதுதான்.

"ஓரத்தைப் பிடிக்கணும்னு வாங்கின இடத்துல சொல்லலையா சார்?"

"சொன்னாங்க. எங்க வீட்ல என் பேச்சை யாரு கேட்டா? பெட்டியைத் திறந்ததும் விரலை வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினாத்தான் மனசு ஆறும்."

யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டால் ஒரு கதை வரும். கதை கேட்க அவருக்குத் தெம்பில்லை.

கையுறையை மாட்டினார். பிளாஸ்டிக் தகட்டை நகர்த்தி முதல் நாணயத்தை எடுத்தார். கறை நீக்கும் திரவம் கண்ணாடிக் கிண்ணத்தில் காலையிலிருந்தே தயாராக இருந்தது. பழகிய வேலை. காது கேட்பதற்குள் கை செய்துவிடும்.

"இல்லைங்க, அது..." என்று மனைவி வாயெடுப்பதற்குள் நாணயம் உள்ளே போய்விட்டது.

"பயப்படாதீங்கம்மா. வெள்ளிக்கு ஒண்ணும் ஆகாது."

சின்னக் கறைதான். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. நல்ல நீரில் அலசி, தேய்க்காமல் துணியால் ஒற்றி, கறுப்பு வெல்வெட்டின் மேல் வைத்தார்.

"பாத்தீங்களா, இப்பதான் பொறந்த மாதிரி இருக்கு."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பாயின் மடிப்புகளும், அதை இழுத்துக் கட்டிய கயிறுகளும் பளிச்சென்று தெரிந்தன. மனைவி மட்டும் நிமிரவே இல்லை.

"போனது திரும்ப வராதா?"

"வரவே வராதும்மா. நான் பொறுப்பு."

மனைவி அந்த நாணயத்தை ஓரத்தில் பிடித்து எடுத்தார். சொல்லிக்கொடுத்த மாதிரியே பிடித்தார். அதன் துளைக்குள் வைத்துத் தகட்டை மூடினார்.

கடைக்காரர் இரண்டாவதை எடுக்கக் கையை நீட்டியபோது, கணவரின் உள்ளங்கை பக்கத்தின் மேல் வந்து படிந்தது.

"போதுங்க." கோபமில்லை. கோபப்படவும் சக்தி வேண்டுமே, அது இல்லாத குரல். "நிறுத்தத்தான் கேட்டோம். எடுக்கச் சொல்லல."

கடைக்காரருக்கு விளங்கவில்லை.

"எங்க பொண்ணுக்குப் பொறந்தநாளுக்கு ஒண்ணுன்னு வாங்குவோம். அவளே அமுக்கி அவளேதான் உள்ள வெப்பா. வேற யாரும் தொடக்கூடாது. முதல் ரெண்டு மூணுக்கு மட்டும் நாங்க கையைப் பிடிச்சுக்கிட்டோம்."

கடைக்காரர் லென்ஸை எடுத்தார்.

இரண்டாவது நாணயத்தில், கறைக்குள் கோடுகள் இருந்தன. நடுவில் ஒரு சுழி. பாயின் மூலையைக்கூட மறைக்காத சின்னக் கட்டைவிரல். அடுத்ததில் அது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். பக்கத்தைத் திருப்பினார். அதே சுழி பாயைத் தாண்டி, பாய்மரத்தின் உச்சியை எட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆண்டு விரல் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. குறுக்கே மெல்லிய தழும்பு. அதற்குப் பிந்தியவற்றிலும் அந்தத் தழும்பு கூடவே வந்தது. சில கோடுகள் கறுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன.

கிண்ணத்தை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார்.

"காத்து புகாத கூடு இருக்கு," என்றார். "ஒவ்வொண்ணையும் தனித்தனியா அதுல போட்டு மூடிட்டா, இதுக்கு மேல கறுக்காது. இப்ப தெரியுற மாதிரியே நிக்கும்."

"அது போதும்," என்றார் மனைவி.

எத்தனை கூடு தேவைப்படும் என்று பார்ப்பதற்காகக் கடைக்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் ஆண்டுக்கு ஒரு கப்பல் இருந்தது, இந்த ஆண்டு வரைக்கும். ஒன்றின் மேலும் கறை இல்லை.