பூட்டுச் சின்னத்துக் குரல்

"இந்தக் குரல் உங்களோடதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

வானொலி நிலைய இயக்குநர் அம்மாள் கைப்பேசியை மேஜை நடுவில் வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்று கத்தியது. "வாக்காளப் பெருமக்களே! உங்கள் பொன்னான வாக்குகளைப் பூட்டுச் சின்னத்தில்..." கணீரென்ற குரல். தெருவில் போகிறவன் கேட்டால் கால் தானாக நின்றுவிடும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டி ரசித்தார். "என்னோடதுதான், சந்தேகமே வேணாம். மைக்தான் சரியில்ல. ஒரே இரைச்சல்."

அம்மாள் முந்தின நாள்தான் மாற்றலாகி வந்திருந்தார். வந்ததும் வராததுமாக ஒரு புகார். மதியச் செய்தி வாசிக்கிறவர் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கிறாராம். அம்மாளுக்கு ஆட்களை நம்பிப் பழக்கமில்லை. தன் காதை மட்டும் நம்புவார். நேற்றைய செய்தியைக் கேட்டார், புகாரோடு வந்த பதிவைக் கேட்டார். ஒரே குரல். ஆள் வேலைக்கு வர நேரமிருக்கிறது என்றார்கள். வீட்டுக்குப் போன் போட்டார். "யாருங்க?" என்று எடுத்ததும் அதே குரல். "உங்க குரல் மேல புகார் வந்திருக்கு. உடனே ரேடியோ ஆபீசுக்கு வாங்க" என்றார். வந்து உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

"கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம சொல்றீங்களே!"

"ஓட்டுக் கேக்கிறதுல என்னம்மா கூச்சம்? திருடினேனா?"

"யாரோ ஒரு சுயேச்சை. அந்த ஆளுக்காக நீங்க ஏன் தொண்டை கிழியக் கத்தணும்?"

"நான் கத்தலைன்னா அந்த ஆளுக்கு வேற நாதி இல்லைங்க. கொடி பிடிக்க ஒருத்தன் இல்ல, ஒட்டப் போஸ்டர் இல்ல. கட்டின பொண்டாட்டிகூட வாசல் வரைக்கும்தான் வருது."

அம்மாளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மாட்டிக்கொண்டவன் முழிப்பான், குழைவான், பிள்ளைகுட்டி என்பான். இந்த ஆள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் அவர். "ரேடியோவுல வேலை பாக்கிறவனுக்கு ஓட்டு இல்லையா?"

"இருக்கு. போடட்டும். போடுங்க போடுங்கன்னு ஊரைக் கூட்டக் கூடாது."

"அப்ப வீட்டுக்குப் போகும்போது வாயைக் கழட்டி உங்க பீரோவுல வச்சுப் பூட்டிட்டுப் போகணுமா?"

"பூட்டுதான் உங்க கையில இருக்கே. நீங்களே போட்டுக்கங்க!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாப் பேசறீங்க. நீங்க நின்னா நானே ஓட்டுப் போடுவேன்."

அம்மாள் சிரிக்கவில்லை. "இது ஜனங்க வரிப்பணத்துல ஓடுற ரேடியோ. அதுல பூட்டைப் பிடிச்சவன் காசும் இருக்கு, பிடிக்காதவன் காசும் இருக்கு. நாளைக்கே ஆத்துல வெள்ளம் வருதுன்னு வச்சுக்குங்க. 'மேட்டுக்குப் போங்க'ன்னு இந்தக் குரல் சொல்லுது. பூட்டைப் பிடிக்காதவன் என்ன நினைப்பான்? இவன் பூட்டுக்காரன்தானே, நம்மளைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பாக்கறான்னு இழுத்துப் போத்திட்டுப் படுப்பான். தண்ணி அவனை அடிச்சிட்டுப் போனா யாரு பதில் சொல்றது? நீங்களா, உங்க பூட்டா?"

அவர் காலைக் கீழே இறக்கினார்.

"அது நியாயம்தான். செய்தி வாசிக்கிறவன் ஓட்டுக் கேக்கக் கூடாது. ஒத்துக்கறேன்."

"அப்பாடா! இனிமே கேக்க மாட்டீங்க, இல்ல?"

"கேப்பேனே. சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போகணும்."

அம்மாள் மேஜையை ஓங்கித் தட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது. "என்னைப் பாத்தா உங்களுக்குக் கேலியா இருக்கா? வாசிக்கிறதா, ஓட்டுக் கேக்கிறதா? ரெண்டுல ஒண்ணு. இப்பவே சொல்லுங்க!"

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ஓட்டுக் கேக்கிறதுதான். வாசிப்பெல்லாம் நமக்கு ஒத்து வராது."

"வேலை போயிடும். விளையாட்டுன்னு நினைக்காதீங்க."

"தப்பு செய்யாதவனுக்கு வேலை எப்படிம்மா போகும்?" அவர் குனிந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் செய்திக்கு நேரமாகிவிட்டது. ஸ்டுடியோவுக்கு ஓட வேண்டியவர் இங்கே உட்கார்ந்து வாயாடிக்கொண்டிருக்கிறார். ஆகட்டும். பாட்டைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்; இந்த ஆளை மைக் பக்கம் விடுவதாக இல்லை.

"இந்த நிமிஷத்துலேர்ந்து இந்த ரேடியோவுல உங்க குரல் கேக்காது," என்று சொல்லிவிட்டு, ஸ்டுடியோவுக்குப் பேச இன்டர்காமை எடுத்தார்.

எண்ணை அழுத்துவதற்குள் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கி உயிர்பெற்றது. "வணக்கம். செய்திகள்..." கணீரென்று, அதே குரல்.

எதிரே இருந்தவரின் வாய் மூடியே இருந்தது. அம்மாள் சுவரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"என் தம்பி," என்றார் அவர், பெருமையாக. "ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை. போனை எடுத்தது நான். யாருன்னு நீங்க கேக்கவே இல்ல. நடுநிலைன்னா அவனும் உங்களை மாதிரியேதான். ஓட்டு யாருக்குன்னு வீட்டுக்குள்ளகூட வாயைத் திறக்க மாட்டேங்கிறான். இத்தனைக்கும் பூட்டுச் சின்னத்துல நிக்கிறதே நான்தான்!"