தொடக்கூடாத கடிகாரம்

"அதைத் தொடாதீங்க. உங்களால முடியாது."

சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றபடி அம்மா சொன்னாள். சாப்பாட்டு மேஜைமேல் பழைய சுவர்க்கடிகாரத்தைப் படுக்க வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது.

"பக்கவாதம் வந்த மனுஷன்கிட்ட இப்படியா பேசுவே?"

"வேற எப்படிப் பேசறது? சட்டைப் பொத்தான் போடவே ஆள் வேணும். இதுல கடிகார ரிப்பேர் ஒண்ணுதான் குறைச்சல்."

ஆயுசு முழுக்க லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த கை அது. இப்போது அந்த வலது கையில் ஸ்பூன்கூட நிற்பதில்லை. இந்த நேரத்தில் விரல்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் கை அப்படியே போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அமுக்கச் சொன்னாள்.

"நான் என்ன தொட்டில் குழந்தையா?" என்று அப்பா அதை வீசி எறிந்ததில் பந்து பீரோவுக்கு அடியில் போனது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் யார் கெஞ்சியும் திரும்பவில்லை.

அப்போதுதான் சமையலறைக் கடிகாரம் நின்றுபோனது. அம்மாவுக்குத் தாய்வீட்டுச் சீதனம் அது. அதற்குச் சாவி கொடுப்பதும் அவள்தான், தூசி துடைப்பதும் அவள்தான். சின்ன வயசில் அதைத் தொட்டதற்காக மகள் முதுகில் வாங்கியிருக்கிறாள்.

"பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிப் போட வேண்டியதுதான்," என்றாள் அம்மா.

"ஏன், கழட்டிக் கொண்டா, பார்க்கலாம்," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாரு, நீங்களா?" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்குகிற புருஷன் இன்னும் பிறக்கவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்க மூடியைத் திறப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பெண்டுலம் தொங்குற தகடு கழண்டு கிடக்கு. ஸ்க்ரூ எல்லாம் அடியில உதிர்ந்திருக்கு. எப்படித்தான் கழண்டுச்சோ."

"வயசாச்சுல்ல. உங்களை மாதிரிதான்," என்றாள் அம்மா.

ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கடுகு மாதிரி. வலது கையால் எடுப்பார், விழும். எடுப்பார், விழும். சலித்துப்போய் இடது கைக்கு மாற்றினார்.

"நல்லா இருக்கிற கையால யார் வேணும்னாலும் செய்வாங்க. அதுக்கு நீங்க எதுக்கு?"

அப்பா முறைத்தார். மறுபடியும் வலது கை நீண்டது.

ஒரு ஸ்க்ரூ மேஜைக்கு அடியில் உருண்டது. எடுத்துக் கொடுக்க மகள் குனிந்தாள்.

"நீ இங்க வா. வெங்காயம் உரிக்கணும்."

"அப்பா பாவம்மா."

"பாவம் பார்த்தா வெங்காயம் உரியாது."

அப்பாவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடி எடுத்தார். மகளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணீர் வெங்காயத்தால் மட்டும் வரவில்லை.

நாட்கள் இப்படியே போயின. பல்சக்கரங்களில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார் அப்பா. கடிகாரத்தைத் திட்டினார். ஸ்க்ரூ டிரைவரைத் திட்டினார். அம்மாவைத் திட்டியதுதான் அதிகம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க அவருக்கு நேரமே இல்லை.

கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிச் சுவரில் மாட்டச் சொன்னார். பெண்டுலத்தை ஆட்டிவிட்டார். டிக் என்றது, யோசித்தது, டிக்டிக் என்று நொண்டியது, நின்றது.

"நான்தான் சொன்னேனே," என்றாள் அம்மா.

அப்பா கடிகாரப் பெட்டியின் அடிப்பக்கத்தை நூலளவு நகர்த்திக் காதைக் கொடுத்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு சாவியைத் துவாரத்தில் நுழைத்து முறுக்கினார், வலது கையால். பல்லைக் கடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க, மணிக்கட்டு நடுங்க, முழுசாக முறுக்கினார்.

டிக். டிக். டிக். இந்தத் தடவை நொண்டவில்லை.

"ஓடுதா இல்லையா, சொல்லு," என்று அப்பா கர்ஜித்தார். வீடே அதிர்ந்தது.

அதோடு விட்டாரா? எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்ட வேண்டுமென்று சட்டையை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டதில் சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. அந்தக் கோலத்திலேயே தெருவைக் கடந்து போனார். ஜெயித்தவனுக்குச் சட்டை எப்படி இருந்தால் என்ன? மகள் கைதட்டிச் சிரித்தாள்.

அம்மா மட்டும், "ஓடுது, ஓடுது. எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்," என்று முணுமுணுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? இன்றைக்கு நேருக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

துவைக்கிற கல்லின்மேல் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் போன். மறு கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாடி, சாவியையே வலது கையால முறுக்கிட்டார். இல்லடி, சந்தேகமே வரலை. அதை விடு, உன் தையல் மெஷின் நல்லாத்தானே ஓடுது? நான் கடிகாரத்துல ஸ்க்ரூவைக் கழட்டிப் போட்ட மாதிரி, நீயும் அதைக் கொஞ்சம் கெடுத்து அனுப்பி வை."